முதல் பிறந்தநாள் விழா, திருச்சி, புரட்டாசி முதல் வாரம்: முதலில் எதை முடிவு செய்யணும்?

உறையூர் அம்மு:
வணக்கம். பையனுக்கு செப்டம்பர் 22-ல் ஒரு வயசு முடியுது. கையில் இன்னும் நாலு மாசம் இருக்கு. பட்ஜெட் எல்லாம் சேர்த்து 1,50,000. சுமார் 150 பேர் வருவாங்கன்னு நினைக்கிறோம். வீட்டில் ஆளுக்கொன்று சொல்றாங்க. மாமியார் மொட்டை மாடியிலேயே ஷாமியானா போடலாம்ங்கிறார், கணவர் தில்லை நகர் பக்கம் ஏசி மினி ஹால் பார்க்கிறார், என் தம்பி பிரியாணி இல்லாமல் விழாவான்னு கேட்கிறான். மண்டபமா, சாப்பாடா, தேதியா, எதிலிருந்து ஆரம்பிக்கிறது? எதை இப்பவே முடிவு செய்யணும், எதைக் கடைசி வாரத்துக்கு விடலாம்?

கணக்குப்பிள்ளை:
தலைக்கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். 150 என்பது இப்போதைக்கு உத்தேசம்தான். அதை வைத்து மண்டபம் பேசினால் ஒன்று இடம் பற்றாது, இல்லை பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும்.

ஒரு நோட்டில் பெயர்களை எழுதுங்கள். குடும்பத் தலைவர் பெயர், பக்கத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்ற எண். அதை மூன்றாகப் பிரியுங்கள்: கட்டாயம் வருகிறவர்கள், வந்தாலும் வரலாம் என்கிறவர்கள், சொல்லாவிட்டால் வருத்தப்படுவார்களே என்று சொல்கிறவர்கள். முதல் வகையில் 100-க்கு 95 வைக்கலாம். இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் ஆறில் ஒருவர் வந்தாலே அதிகம். உங்கள் பட்டியல் 100, 50, 30 என்று வந்தால் 95 + 25 + 5, ஆக 125 தலை. அலுவலக நண்பர்களைக் குடும்பத்தோடு கணக்குப் போடாதீர்கள், பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். பெரியப்பா வீட்டைத் தனியாகக் கணக்குப் போடாதீர்கள், மருமகன் வீட்டாரும் சேர்ந்து வருவார்கள்.

அடுத்து பணம். சாப்பாட்டுக்குப் பாதி, அதாவது 75,000. மண்டபம், மின்சாரம், துப்புரவு எல்லாம் சேர்த்துக் கால் பங்கு. மிச்சத்தில் அலங்காரம், போட்டோ, கேக், தாம்பூலப் பை. 75,000-ஐ 125-ஆல் வகுத்தால் தலைக்கு 600 ரூபாய். சமையல்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லாதீர்கள், மனதுக்குள் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிலும் போடாமல் தனியே எடுத்து வையுங்கள். கடைசி இரண்டு நாளில் அது தானாகவே கரைந்துவிடும்.

ரிட்டர்ன் கிஃப்ட் தலைக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்று. 125 தலை என்றால் 45 வீடு இருக்கும், 50 வாங்கினால் போதும். பிள்ளைகளுக்குத் தனியாகச் சின்னதாகத் தருவதென்றால் பிள்ளைகளை மட்டும் எண்ணுங்கள். இதில்தான் பலர் இரட்டிப்பாக வாங்கி பரண் மேல் போடுகிறார்கள்.

மலைக்கோட்டை மாமி:
பட்டியல் எல்லாம் சரிதான், ஆனா அதுக்கு முன்னாடி காலண்டரைத் திருப்பு, அம்மு. செப்டம்பர் 22-ன்னா புரட்டாசி பிறந்து ஆறாம் நாள் பக்கம். இந்த வருஷம் மகாளய பட்சம் எப்போ வருதுன்னு பாரு. பௌர்ணமிக்கு மறுநாள்லேருந்து அமாவாசை வரைக்கும் பதினஞ்சு நாள். அந்த நாளில் நிறைய வீட்டில் விசேஷம் வைக்க மாட்டா, வைச்சாலும் பெரியவா சிலபேர் வர மாட்டா. அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி ஆரம்பம். நவராத்திரியில் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் பொம்மனாட்டிகள் கொலுவுக்குத் தெருத்தெருவா போயிண்டிருப்பா. உன் விழாவுக்கும் அதே நேரம்னா பாதிப்பேர் தலையைக் காட்டிட்டு ஓடிடுவா.

ஆயுஷ்ய ஹோமம் பண்றதா இருந்தா அது ஜென்ம நட்சத்திரத்துக்குத்தான். குழந்தை பிறந்த தமிழ் மாசத்தில் அந்த நட்சத்திரம் வர நாள். அது இங்கிலீஷ் தேதியோட ஒத்துப் போகணும்னு இல்லை. ஹோமத்தைக் காலையில் வீட்டோட நெருங்கின சொந்தத்தை வச்சு முடிச்சுட்டு, கேக் வெட்டறதைப் பக்கத்தில் வர ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளு. ரெண்டையும் ஒரே நாளில் வச்சா குழந்தை காலையில் புகையில் உட்கார்ந்து சாயங்காலம் சிணுங்கிண்டே இருக்கும்.

ஞாயித்துக்கிழமை ராகு காலம் 4.30-லேருந்து 6. கேக் 6.15-க்கு மேல வை. அழைப்பிதழில் 6 மணின்னு போட்டா ஜனம் 6.45-க்கு வரும், அதையும் கணக்கில் வச்சுக்கோ. சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், புரட்டாசி சனி. பெருமாளுக்கு விரதம் இருக்கிறவா வந்து சும்மா உட்கார்ந்துட்டுப் போவா.

அப்புறம், தாய்மாமன் வர முடியற தேதியான்னு முதல்ல கேளு. குழந்தையை மடியில் வச்சுக்கற ஆளே இல்லாம மண்டபம் பிடிச்சு என்ன பிரயோஜனம்.

பந்திக்கட்டு:
மாமி சொன்ன புரட்டாசியில்தான் மெனுவும் அடங்கியிருக்கு. உங்க தம்பியோட பிரியாணி இந்த மாசம் எடுபடாது. வர்றதில் பாதிப்பேர் கவுச்சி தொட மாட்டாங்க. சைவம் தனி, அசைவம் தனின்னு ரெண்டு சமையல் வச்சா பாத்திரம், ஆள், அடுப்பு எல்லாம் இரண்டு செட். செலவு ஏறும், ரெண்டு பக்கமும் மிஞ்சும். சைவ டிபன்னு ஒரே முடிவா எடுத்துடுங்க. கேக்கும் முட்டை இல்லாததுதான். மெனுவில் காட்டுற கவனத்தை கேக்கில் விட்டுட்டு அப்புறம் ஒவ்வொருத்தரும் வந்து "இதில் முட்டை இருக்கா"ன்னு கேட்பாங்க.

மணி ஆறேகாலுக்கு விழான்னா அது டிபன் நேரம், எட்டு மணிக்கு விழான்னா அது சாப்பாடு. இதைத்தான் முதல்ல முடிவு செய்யணும். மண்டபத்து சமையலறை எவ்வளவு பெரிசா வேணும்ங்கிறது இதில்தான் இருக்கு.

125 பேருக்கு ஒரு டிபன் கணக்கு தர்றேன். இட்லி ஆளுக்கு 2, வடை ஆளுக்கு 1, அதுக்கு மேல பத்து சதவீதம் கூடுதல். கேசரி ஆளுக்கு 70 கிராம். வெண்பொங்கல் அல்லது கிச்சடி, ஏதாவது ஒண்ணுதான், ரெண்டும் வேண்டாம். காபிக்கு ஒரு லிட்டர் பாலுக்கு 10 முதல் 12 டம்ளர், ராத்திரி பாதிப்பேர் குடிக்க மாட்டாங்க. குடிதண்ணி 20 லிட்டர் கேன் 4, கை கழுவ அது ஆகாது, மண்டபத் தண்ணி வேணும்.

தோசை லைவ் கவுண்டர் கேட்பீங்க, எல்லாரும் கேட்கிறாங்க. ஒரு பெரிய கல்லில் ஒரு மாஸ்டர் மணிக்கு 60 தோசைக்கு மேல ஊத்த முடியாது. 125 பேரும் கேக் வெட்டின கையோட வந்து நின்னா வரிசை வாசல் வரைக்கும் போகும். ரெண்டு கல்லு போடுங்க, இல்லைன்னா தோசையே வேண்டாம். அதுவும் ஏசி ஹாலுக்குள்ள போட விடாதீங்க. புகை வெளியே போக வழி இல்லாம எண்ணெய் வாடை பட்டுப்புடவை முழுக்க ஒட்டும். வராந்தா இருக்கிற மண்டபமா பாருங்க.

இப்போ முக்கியமான விஷயம். சமையல்காரர்கிட்ட 125-ன்னு சொல்லாதீங்க. 115-க்கு உறுதி கொடுங்க, பத்து சதவீதம் கூட வந்தாலும் தாங்கணும், மேல வர்ற இலைக்கு இதே விலைதான்னு எழுதி வாங்குங்க. குறைஞ்சா உறுதி கொடுத்த எண்ணுக்குப் பணம் கட்டியே ஆகணும், அதனாலதான் உறுதியைக் கீழே வைக்கிறது. பந்தின்னா இலைக் கணக்கு, நம்ம ஆள் ஒருத்தர் ஒவ்வொரு பந்திக்கும் இலையை எண்ணணும். பஃபேன்னா தட்டுக் கணக்கு. அதில் ஒரு சிக்கல் இருக்கு: ரெண்டாவது தடவை எடுக்க வர்றவங்க புதுத்தட்டு எடுப்பாங்க, பிள்ளைகள் மூணு தட்டு எடுக்கும். ராத்திரி 125 பேருக்கு 170 தட்டுன்னு பில் வரும். தட்டுக்குப் பதிலா கூப்பன் கணக்குன்னு முன்கூட்டியே பேசிடுங்க.

என் ஓட்டு பந்திக்குத்தான். ஒரு பந்தியில் 50 பேர், எடுத்துத் துடைச்சு மறு இலை போட 35 நிமிஷம். 125 பேர் மூணு பந்தியில் ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். முதல் பந்தியை 7 மணிக்கே போட்டுடணும்.

உறையூர் அம்மு:
ரொம்ப நன்றி. மாமி, நட்சத்திரத்தை ஜோசியரிடம் கேட்டுவிட்டு ஞாயிறுக்கே வைக்கிறோம், தம்பிக்கும் அன்று லீவு கிடைக்கும். மாடியா ஹாலா என்பதுதான் பாக்கி. மாடி 1,100 சதுர அடி. மண்டபத்தில் "200 பேர் உட்காரலாம்" என்கிறார்கள், அதை நம்பலாமா?

சீரியல்செட்:
மாடிக்கு 125 பேர் வேண்டாம். வரிசையா நாற்காலி மட்டும் போட்டால் ஆளுக்கு 7 சதுர அடி, அதுக்கே 875 போயிடும். மேடை, நடைபாதை, சாப்பாட்டு மேஜை எங்கே போடுவீங்க? மேலும் செப்டம்பர் கடைசியில் திருச்சியில் பகலெல்லாம் வெயில் காய்ஞ்சு சாயங்காலம் இடியோட மழை கொட்டுறது சகஜம். சாதா ஷாமியானா துணி நிழலுக்குத்தான், மழைக்கு ஒழுகும். தகரப் பந்தல் போட்டால் அந்தச் செலவில் ஹாலே கிடைச்சிடும். மாடிப்படியில் வயசானவங்க ஏறணும்ங்கிறது வேற. ஹோமத்துக்கு மாடி நல்ல இடம், கேக்குக்கு ஹால்.

"200 பேர்"ங்கிறது காலி ஹாலில் நாற்காலியை நெருக்கிப் போட்ட கணக்கு. சதுர அடி எவ்வளவுன்னு கேளுங்க. வட்ட மேஜை போட்டு உட்கார வைக்கிறதா இருந்தால் ஆளுக்கு 12 சதுர அடி, மேடையும் போட்டோ மூலையும் தனி. சாப்பாட்டுக் கூடம் தனியா இருந்து, ஹாலில் வரிசை நாற்காலி மட்டும்னா 1,200 சதுர அடி உங்களுக்குப் போதும்.

முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேட்டு ரசீதிலேயே எழுத வைங்க. சாவி எத்தனை மணிக்குத் தருவாங்க? பலூன் வளைவு, பின்திரை எல்லாம் கட்ட நாலு மணி நேரம் ஆகும், 5 மணிக்குச் சாவி தர்ற ஹால் உதவாது, பகல் 1 மணிக்குக் கையில் இருக்கணும். வெளிச் சமையல்காரரை விடுவாங்களா, இல்லை அவங்க ஆள்தானா? கரண்ட் வாடகையில் சேர்த்தியா, யூனிட் கணக்கா? யூனிட்டுன்னா உள்ளே நுழைஞ்சதும் மீட்டரைப் போட்டோ எடுத்து வைங்க, கிளம்பும்போது இன்னொண்ணு. ஜெனரேட்டர் போட்டால் ஏசி ஓடுமா, வெறும் விளக்கும் ஃபேனும்தானா? துப்புரவு, கேஸ், பாத்திரம் இதெல்லாம் தனித்தனி பில்லா வருமா? ஜிஎஸ்டி பதிவு உள்ள மண்டபம்னா வாடகை மேல 18 சதவீதம் ஏறும், சொன்ன தொகை அதைச் சேர்த்தா சேர்க்காமலான்னு கேளுங்க. பால் கொடுக்கவும் உடை மாத்தவும் தாழ்ப்பாள் உள்ள ஒரு ரூம் இருக்கா? ஒரு வயசுக் குழந்தை விழாவுக்கு அதுதான் மேடையைவிட முக்கியம்.

புரட்டாசியில் கல்யாணம் குறைவு, மண்டபங்கள் காலியாத்தான் கிடக்கும். வாடகையைப் பேசிக் குறைக்கலாம். இதுவே ஆவணியிலோ தை மாசத்திலோ இருந்தால் முகூர்த்த நாள் எதுன்னு பார்த்து மண்டபத்தை முதல்ல பிடிங்கன்னு சொல்லியிருப்பேன். முன்பணம் மூணில் ஒரு பங்குக்கு மேல வேண்டாம், தேதி மாத்தினால் அது என்ன ஆகும்னு எழுத்தில் இருக்கட்டும்.

அலங்காரத்தில் ரெண்டு எச்சரிக்கை. கேஸ் பலூன் மலிவா தர்றேன்னு சொன்னால் உள்ளே ஹீலியமா ஹைட்ரஜனான்னு கேளுங்க. ஹைட்ரஜன்னா மெழுகுவத்தி பட்டாலே குப்புன்னு பிடிக்கும், மொத்தமும் எரியும். காற்றடிச்ச சாதா பலூனே போதும். நுரை ஸ்ப்ரேயும் அப்படித்தான், டப்பாவில் அதை வெளியே தள்ளுற கேஸே எரியக்கூடியது. மெழுகுவத்தி அணையறதுக்கு முன்னாடி எவனாவது அடிச்சால் முகத்தில் தீ. பசங்க கையில் கொடுக்கவே கொடுக்காதீங்க. திறந்த வெளியில் ஸ்பீக்கர் வச்சால் ராத்திரி 10 மணிக்கு நிறுத்தணும், சட்டமே அது.

பந்திக்கட்டு:
கேக் பத்தி யாரும் சொல்லலை. 1 கிலோவில் 16, 17 துண்டு வரும், துண்டுக்கு 60 கிராம். 125 பேருக்கு ஏழரை கிலோ. அதை மூணு அடுக்கா அலங்காரக் கேக்காவே செய்தால் விலை எகிறும். மேடையில் வெட்ட 2 கிலோ, உள்ளே பரிமாற அதே சுவையில் அலங்காரம் இல்லாம ஐந்தரை கிலோ. ஃப்ரெஷ் கிரீம்னா ஏசி இல்லாத இடத்தில் அரை மணிக்குமேல நிக்காது, சரியும். விழா ஆரம்பிச்ச பிறகுதான் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வரணும், அலங்காரத்துக்காக 4 மணிக்கே மேஜையில் வைக்காதீங்க.

கணக்குப்பிள்ளை:
அம்மு, இப்போதே செய்ய வேண்டியது: தேதி, வீட்டாரின் பட்டியல், டிபனா சாப்பாடா என்பது, மண்டபம். இந்த நான்கும் இந்த மாதத்துக்குள். வெளியூர்க்காரர்களுக்கு ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும், ஜூலை பத்தாம் தேதிக்குள் தேதியைப் போனிலாவது சொல்லிவிடுங்கள். சமையல்காரர், போட்டோகிராபர் ஆகஸ்ட் முதல் வாரம். அலங்கார நிறம், கேக் படம், பாட்டு லிஸ்ட் எல்லாம் கடைசி மூன்று வாரத்துக்கு. சமையல்காரருக்கான இறுதி எண்ணிக்கையை விழாவுக்கு நாலு நாள் முன்பு, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்ட பிறகு கொடுங்கள். வாட்ஸ்அப்பில் கை கூப்பின எமோஜி போட்டவர்களை வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உறையூர் அம்மு:
நோட்டு வாங்கியாச்சு. முதல் வகையில் 88 தலை வந்திருக்கிறது, மாமியார் பக்கம் இன்னும் எழுதவில்லை. மண்டபம் பார்க்கப் போகும்போது சீரியல்செட் சொன்ன கேள்விகளை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறோம்.