புதுப்பிப்பு: வயதான பெற்றோருக்கு நாற்காலிப் பயிற்சி

நடைப்பயிற்சியே போதும் என்றிருக்கும் பெற்றோருக்கு, கால் வலிமைக்காக நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை முன்பு சொல்லியிருந்தேன். "அம்மாவுக்கு முட்டி வலிக்குது" என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

இருக்கை தாழ்வாக இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கெட்டியாக மடித்த ஜமுக்காளத்தை இருக்கை மேல் வைத்து 10 செ.மீ. உயர்த்துங்கள். பாதங்களைச் சற்றுப் பின்னிழுத்து, உடலை முன்சாய்த்து, மூச்சை விட்டபடி எழட்டும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். உட்கார 3 நொடி எடுக்க வேண்டும், தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. 8 முறை, 2 சுற்று, வாரம் 3 நாள். ஒரு சுற்றில் 12 முறை எளிதானால் ஜமுக்காளத்தை எடுத்துவிடுங்கள். மறுநாள் தொடையில் வலி இயல்பு. மூட்டு வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"இந்த வயசுல எதுக்கு?" என்பாரிடம் இதைச் சொல்லுங்கள்: 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், 90 வயதை ஒட்டியவர்கள் 8 வார எடைப்பயிற்சியில் கால் வலிமையை இரு மடங்குக்கு மேல் கூட்டினார்கள்.