பரிசுக்குக் காத்திருக்கும்போது நகம் கடிப்பது, தண்ணீர் குடிப்பது: காரணம் அந்த இடைவெளியா?

கேள்வி:
நான் ஆடும் மொபைல் கேமில் ஒரு பெட்டி திறந்தால் அடுத்ததற்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் என்னை அறியாமல் நகம் கடிக்கிறேன், பக்கத்தில் பாட்டில் இருந்தால் தாகமே இல்லாமல் தண்ணீர் குடிக்கிறேன். பரிசு விட்டுவிட்டு வருவதே மனிதர்களிடம் இப்படிப் பழக்கத்தை உண்டாக்குமா, இல்லை வெறும் சலிப்பா?

பதில் 1:
எலிகளிடம் நிச்சயம் உண்டாக்கும். 1961இல் ஜான் ஃபாக் என்ற உளவியலாளர், பசியோடு இருந்த எலிகளுக்குச் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு சின்ன உணவு உருண்டை கிடைக்கும்படி வைத்தார். தண்ணீருக்குக் குறையே இல்லை, குடித்தால் உணவு கிடைக்கும் என்ற ஏற்பாடும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு உருண்டையைத் தின்றதும் போய்க் குடித்து, மூன்று மணி நேரச் சொச்சத்தில் தங்கள் எடையில் கிட்டத்தட்ட பாதி அளவு தண்ணீரைக் குடித்துவிட்டன! அதே உணவை மொத்தமாகக் கொடுத்தால் இந்த வெறி வராது, அதனால்தான் இடைவெளியைக் காரணம் என்கிறோம்.

பதில் 2:
சரி, ஆனால் கேள்வி மனிதர்களைப் பற்றியது. 1970களிலிருந்து பலர் சோதித்தார்கள்: காத்திருக்கும்போது குடிப்பது, புகைப்பது, உடலை அசைப்பது எல்லாம் கூடுவதாகச் சொன்னார்கள். எனக்கு இன்னும் திருப்தி இல்லை. பரிசே இல்லாமல் சும்மா உட்கார வைத்தாலும் மனிதன் காலை ஆட்டுவான், புகைப்பவன் புகைப்பான். அந்த ஒப்பீடு இல்லாமல் இடைவெளியின் மேல் பழி போட முடியாது. எலிகளிடம் பார்த்த அளவுக்கு மீறிய வெறியும் மனிதர்களிடம் தெளிவாகத் தெரியவில்லை.

பதில் 3:
நேரத்தைக் கவனியுங்கள். 15 விநாடிக்கு ஒருமுறை தானாக உணவு வந்தபோது புறாக்கள் விதவிதமாக ஆடியதை, உணவுக்குச் சற்று முன் தற்செயலாகச் செய்தது ஒட்டிக்கொண்டதாக 1948இல் உளவியலாளர் ஸ்கின்னர் விளக்கினார். 1971இல் ஸ்டாடன், சிம்மல்ஹாக் என்ற ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது இரண்டு வகை தெரிந்தது: உணவு வரும் தறுவாயில் கொத்துவது போன்றவை, இடைவெளியின் முற்பகுதியில் வேறு சில. ஃபாக்கின் எலிகளும் உணவு கிடைத்த கையோடுதான் குடித்தன. அதனால் உங்கள் பழக்கம் பெட்டி திறந்தவுடன் வருகிறதா என்று பாருங்கள். நிமிடம் முழுக்கப் பரவியிருந்தால் நான் சலிப்பு என்றுதான் சொல்வேன்.

கேள்வி கேட்டவர்:
இன்று இருபது பெட்டிகளுக்குக் குறித்தேன். தண்ணீர் பெரும்பாலும் திறந்தவுடன். நகம் மட்டும் எப்போது வேண்டுமானாலும், இணையப் பக்கம் திறக்கத் தாமதமானபோதும்கூட! அடுத்து, பெட்டிகளைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் திறந்துவிட்டு, அதே அளவு நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.