ரூட் 66 ராட்சத பொம்மைகள்: நேரில் பார்த்தவர்கள் வாருங்கள்

நெல்லைக்காரன்:
ஜெமினி ஜெயண்ட் தெரியும்தானே? அமெரிக்காவின் பழைய ரூட் 66 நெடுஞ்சாலையோரம், இலினாய் மாநில வில்மிங்டனில் பச்சை உடுப்பு, விண்வெளி ஹெல்மெட், கையில் ராக்கெட்டோடு நிற்பாரே, அவரேதான். 2019இல் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போய் இறங்கினோம், சுற்றிலும் ஒரு ஈ காக்கா இல்லை. நம்ம ஊர் எல்லையில் அய்யனார் நிற்பதுபோல் இருந்தது. கிட்டப் போய்க் காலில் தட்டினேன். காலி பிளாஸ்டிக் குடத்தைத் தட்டியதுபோல் ‘டொக்’. ஐந்து வயது மகள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “உள்ள யாருப்பா இருக்கா?” என்றாள். “யாரும் இல்லம்மா, வெறும் ஃபைபர்” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ‘வெளியே போயிருக்கார்’ என்றாவது சொல்லியிருக்கலாம்.

மழைக்காகிதம்:
எனக்கு, அதே மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டில் டயர் கடை முன்னால் நிற்கும் பொம்மை. கொடி பிடித்துக்கொண்டு நிற்பானே, அவன். 2006 மார்ச்சில் சூறாவளி வந்த ராத்திரி முழுக்கக் குளியலறையில்தான் உட்கார்ந்திருந்தோம். விடிந்து அந்தப் பக்கம் போனால் ஆளுக்குத் தலையைக் காணோம்! நான் என்ன செய்தேன் தெரியுமா, என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு சரிசெய்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய முகத்தை எந்தச் சிற்பி செதுக்கினாரோ.

ஹைவே குமாரு:
சிற்பியாவது ஒன்றாவது! எல்லாம் அச்சு வார்ப்பு. கலிஃபோர்னியா வெனிஸில் இன்டர்நேஷனல் ஃபைபர்கிளாஸ் என்று ஒரு கம்பெனி 60களில் வார்த்துத் தள்ளியது. இந்த அச்சில் முதலில் வந்தது அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளில் வரும், கோடாலி ஏந்திய மரவெட்டி பால் பனியன். அதனால்தான் வலது உள்ளங்கை மேலே பார்க்கும், இடது கீழே பார்க்கும். அதே கைகளில் அப்புறம் மஃப்ளரைக் (நம்ம சைலன்சர்தான்) கொடுத்தார்கள், மஃப்ளர் மேன் என்ற பெயர் வந்தது. ராக்கெட்டும் அதே கையில்தான். நெல்லை அண்ணா, அய்யனாரை ஏன் இழுக்கிறீர்கள்? அவர் ஊரைக் காக்கிறார், இவர் பர்கர் விற்க நின்றவர்.

என் அனுபவம் சின்னது: அட்லாண்டாவில் (ஜார்ஜியா இல்லை, இலினாய்) ஹாட் டாக் ஏந்திய பால் பனியனைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து விளக்குக் கம்பத்தில் மோதிக்கொண்டேன். சரி, போகிறவர்கள் கேளுங்கள். 55ஆம் நெடுஞ்சாலையிலேயே விரட்டாதீர்கள், பழைய ரோட்டைப் பிடியுங்கள். பால் பனியனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அதே ஊரில் இந்த ராட்சதர்களுக்கென்றே மியூசியம் இருக்கிறது, டெக்ஸாகோ பங்க் ஆளும் அங்கே நிற்கிறார். திறந்திருக்கும் நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். படம் எடுக்கத் தள்ளிப் போய் நில்லுங்கள், கிட்ட நின்றால் மூக்குத் துவாரம்தான் விழும். அப்புறம், பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வதுதான் நல்லது.

நெல்லைக்காரன்:
தம்பி, பிள்ளை வளர்க்க யோசனை கேட்கவில்லை.

சாரல்:
நீங்கள் தட்டிய குடம் 2024 ஏலத்தில் 2,75,000 டாலருக்குப் போனது அண்ணா! புதுப்பித்து வில்மிங்டனிலேயே ஆற்றோரப் பூங்காவில் நிறுத்தியிருக்கிறார்கள். போன கோடையில் போனேன். ஒரு பாட்டி காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, அண்ணாந்து பார்த்தார். இறங்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. ராட்சதரைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஓடிப் போய்ப் பேச்சுக் கொடுத்திருக்கலாம். கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது.