புதுப்பிப்பு: டாட்ஜ் வேனா, டொயோட்டா பிக்கப்பா?

அமெரிக்காவில் பழைய சின்ன மோட்டார்ஹோம் (வண்டி மேலேயே கட்டிய வீடு) வாங்க டாட்ஜ் வேன் சேசிஸ் (அடிச்சட்டம்) நல்லதா, டொயோட்டா பிக்கப் சேசிஸ் நல்லதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

டாட்ஜில் 5.9 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். மேட்டில் திணறவே இல்லை. ஆனால் எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவே பெட்டிக்குள் இருப்பதால் அரை மணி நேரத்தில் கால் பக்கம் சூடு ஏறிவிட்டது. டொயோட்டாவில் பானட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டுகிறது. 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர். ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் பொறுமையாகத்தான் போக வேண்டும்.

பின் ஆக்சிலை (பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு) மட்டும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். ஆரம்பகால டொயோட்டாக்கள் பலவற்றில் சாதாரண பிக்கப் ஆக்சிலிலேயே இரட்டைச் சக்கரம் மாட்டியிருப்பார்கள். சக்கரத்துக்கு 5 நட்டு. வீட்டின் எடைக்கு அது போதாது, ஆக்சில் உடைந்து சக்கரமே கழன்ற சம்பவங்கள் உண்டு. 6 நட்டு இருந்தால் ‘ஒரு டன்’ வகை ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில்: எடையை ஹவுசிங் (வெளிக்கூடு) தாங்கும், உள்ளே இருக்கும் தண்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றும் வேலை மட்டும்தான். தயவுசெய்து விலை பேசும் முன் குனிந்து நட்டை எண்ணுங்கள்.

நான் பார்த்த 1989 டொயோட்டாவில் 6 நட்டு. முன்பணம் கொடுத்தாயிற்று. கூரையில் ஓர் ஒழுகல் இருக்கிறது, அதை அடைத்ததும் படம் போடுகிறேன்.