மறு: பூச்சு வெளுத்து மங்குவதற்கு ஒரு சொல் – ‘பனிபூத்தல்’ என்பதற்கு என் வாதம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் குழுவின் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஸ்ப்ரே அடித்த பூச்சு உலரும்போது வெளுத்து மங்கும் குறைக்கு மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் உள்ளபடி ‘பிளஷிங்’ என்றே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல விரும்புகிறேன். புதிதாக இணைந்தவர்களுக்காக, இந்தச் சொல்லைத் தேட நேர்ந்த கதையையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கையில் இருந்த பழைய வாகனத்தைப் பேணுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. என் காரின் உட்பக்கப் பிளாஸ்டிக் வெயில் பட்டுப் பட்டுச் சாம்பல் நிறமாகியிருந்தது. கதவுகளின் உட்பலகைகளையும் கியர் தண்டைச் சுற்றியுள்ள உறையையும் கழற்றி, மலையகத்துத் தலவாக்கலையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நானே ஸ்ப்ரே அடிப்பது என்று முடிவெடுத்தேன்.

ஆயத்த வேலையில் குறை வைக்கவில்லை. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் இரண்டு முறை கழுவினேன். டேஷ்போர்ட் மினுக்கப் பூசும் திரவங்களில் சிலிக்கோன் இருக்கும். அதில் சிறிது மிஞ்சினாலும் பூச்சு விலகி வட்ட வட்டமாக ‘மீன்கண்’ விழும். பிறகு 600 எண் மணல்தாளால் நீர் விட்டுத் தேய்த்தேன். பலகையின் பின்புறத்தில் பிளாஸ்டிக்கின் வகை பொறிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் பூச்சு எளிதில் பிடிக்கும். பிபி, அதாவது பொலிபுரோப்பிலீன் என்றிருந்தால், பூச்சு பிளாஸ்டிக்கில் ஒட்ட உதவும் முன்பூச்சுக்கு நாம் போன மாதம் ‘பற்றூக்கி’ என்று பெயரிட்டோமே, அதை முதலில் மெல்லியதாக அடிக்காமல் எந்தப் பூச்சும் நிற்காது. நகத்தால் கீறினாலே தோலாக உரிந்து வரும். எழுத்து அழிந்திருந்தால் மறைவான ஓரத்தில் ஒரு துணுக்கைச் சீவி நீரில் போட்டுப் பார்க்கலாம். வெறும் பொலிபுரோப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் அமிழும். ஆனால் வாகனங்களுக்கான பொலிபுரோப்பிலீனில் டால்க் தூள் கலப்பதுண்டு, அப்போது அதுவும் அமிழக்கூடும். ஆகவே மிதந்தால் நம்பலாம், அமிழ்ந்தால் நம்ப முடியாது.

இவ்வளவும் செய்து, ஜூன் மாதத்து ஒரு பிற்பகலில் கறுப்புப் பூச்சை அடித்தேன். 25 சென்றிமீற்றர் தூரத்தில் பிடித்து, பலகைக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, மெல்லிய படையாகத்தான் அடித்தேன். ஈரமாக இருந்தபோது நல்ல கறுப்பு. ஐந்து நிமிடத்தில் அதன் மேல் பாலேடு படிந்தது போல் வெண்மை பரவியது. மங்கி, திட்டுத் திட்டாக, சாம்பல் பூசிய கரும்பலகை போல் ஆகிவிட்டது.

கராஜில் பலகையைக் காட்டினேன். பெயின்ட் பாஸ் (பூச்சு வேலை செய்யும் கைவினைஞர்) ஒரு நொடி பார்த்துவிட்டு, “பிளஷ் அடித்துவிட்டது” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்தச் சொல்லிலிருந்து எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. டின்னில் குறை என்று எண்ணி இன்னொரு டின் வாங்கி, மறுநாளும் அதே நேரத்தில், கீழிருந்து பனி ஏறி வரும் அதே மூன்று மணிக்கு அடித்தேன். அதுவும் வெளுத்தது.

நான் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பிப்பவன். மினுக்கிய கலோரிமானியில் நீரை எடுத்து, பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக இட்டு, பளபளக்கும் பரப்பு மங்கும் கணத்து வெப்பநிலையைக் குறிக்கும் செய்முறையை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் செய்விக்கிறேன். அந்த வெப்பநிலைதான் பனிபடுநிலை. என் கதவுப் பலகையில் நடந்ததும் அதுவேதான். பூச்சிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. டின்னிலிருந்து விரிந்து வெளியேறும் வாயுவும் குளிர்ச்சியையே கொண்டுவருகிறது. பரப்பு பனிபடுநிலைக்குக் கீழே இறங்கியதும் காற்றிலுள்ள நீராவி அதன் மேல் நுண்துளிகளாகப் படிந்து, உலர்ந்துகொண்டிருக்கும் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. அங்கே ஒளி சிதறுகிறது. மலையில் ஏறும் பனி வெண்மையாகத் தெரிவதற்கும், பூச்சு வெண்மையாவதற்கும் காரணம் ஒன்றுதான்.

எங்கள் ஊரில் இது ஏன் இவ்வளவு எளிதில் நடக்கிறது என்பதைக் கணக்கே சொல்லும். 18 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் (காற்றின் ஒப்பு ஈரப்பதம்) 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இங்கே சாதாரணமாகக் காணும் நிலை இது. பனிபடுநிலை ஏறத்தாழ 16.3 பாகை. பரப்பு இரண்டு பாகை குளிர்ந்தாலே போதும். 28 பாகை, 60 சதவீதம் உள்ள ஓர் ஊரில் பனிபடுநிலை ஏறத்தாழ 19.5. அங்கே பரப்பு எட்டுப் பாகைக்கு மேல் குளிர வேண்டும். கோவை அண்ணா “நான் இருபது ஆண்டுகளாக அடிக்கிறேன், ஒருமுறைதான் இப்படி நடந்தது” என்று எழுதியதில் வியப்பில்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் வீட்டில் அடித்தால் முதல் நாளிலேயே இதைச் சந்திப்பார். இந்தச் சொல்லின் தேவை மலையகத்திலிருந்து எழுவது அதனால்தான்.

இனி, சொற்களுக்கு வருகிறேன்.

> ஆங்கிலத்தில் நாணிச் சிவப்பதைக் குறிக்கும் சொல் அது. ‘நாணல்’ அல்லது ‘நாணுதல்’ எனலாமே? மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

அண்ணா, மூலத்துக்கு நெருக்கம் என்பதே இங்கே தடையாகிறது. பூச்சு சிவக்கவில்லை, வெளுக்கிறது. ‘பூச்சு நாணிவிட்டது’ என்று படிக்கும் ஒரு தமிழர் செம்மையைத்தான் தேடுவார். அதோடு, நாணல் ஆற்றங்கரைப் புல்லும் ஆகும். இன்னொரு மொழியின் உவமையை இறக்குமதி செய்தால், அந்த மொழியில் அது பிழையாக இருந்தாலும் பிழையோடு சேர்த்தே வாங்குகிறோம்.

> ‘வெளிறல்’ எளிய சொல், எல்லோருக்கும் தெரிந்தது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

மட்டக்களப்பு ஆசிரியை அம்மா எழுதியது இது. முதல் நாள் எனக்கும் இதுவே சரி என்று தோன்றியது. இரண்டு காரணங்களால் பின்வாங்கினேன். ஒன்று, எங்கள் தேயிலை மலைகளில் வெளிறல் நோயின் பெயர். 1946இல் இலங்கைக்கு வந்து, இன்றுவரை செப்பு மருந்து அடிக்க வைக்கும் கொப்புள வெளிறலை இங்கே அறியாதவர் இல்லை. இதைவிட வலுவானது இரண்டாவது காரணம். வெயிலில் பிளாஸ்டிக் நிறமிழப்பதையும் நாம் வெளிறுதல் என்றுதான் சொல்கிறோம். வெளிறிய பலகையைப் புதுப்பிக்கத்தானே பூச்சு அடிக்கிறோம்? அடித்த பூச்சுக்கு வரும் குறையையும் வெளிறல் என்றால், ‘வெளிறலைப் போக்க அடித்த பூச்சு வெளிறிவிட்டது’ என்று எழுத வேண்டி வரும். செய்முறைக் குறிப்பில் இந்தக் குழப்பத்தைத் தாங்க முடியாது.

> ‘வெண்பூப்பு’.

இது என் சொல். முதல் மடலில் நானே முன்வைத்தேன், இப்போது நானே விலக்கிக்கொள்கிறேன். பூப்பு என்ற சொல் பெண்பிள்ளைகள் பருவமடைவதைக் குறிக்க நிலைத்துவிட்டது என்று இரண்டு சகோதரியர் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்னது சரி. முதலிலேயே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ‘வெண்’ என்ற அடையும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கறுப்பில் இது வெண்மையாகத் தெரியும். வெள்ளைப் பூச்சில் இதே குறை வந்தால் வெண்மை தெரியாது, பளபளப்பு மட்டும் செத்துப்போகும். நிறத்தை வைத்துப் பெயரிட்டால் வெள்ளைக்கார் வைத்திருப்பவர் தன் குறையை அடையாளம் காணமாட்டார்.

ஆனால் ‘பூ’ என்ற வினையை நான் விடவில்லை. பரப்பின் மேல் மெல்லிய படலம் தானாக எழுவதற்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான வினை இல்லை. லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) சுவரில் உப்புப் பூக்கிறது. மழை மாதத்தில் பெட்டிக்குள் வைத்த தோல் சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கிறது. தணலை விசிறாமல் விட்டால் நீறு பூக்கிறது. வழி பார்த்திருந்த கண்ணும் பூத்துப்போகிறது. இவை எல்லாவற்றிலும் அடியில் உள்ள பொருள் அப்படியே இருக்க, மேலே ஒரு மங்கல் வந்து மூடுகிறது. நம் குறையும் அப்படித்தான்.

உப்புப் பூத்தால் உப்பு, நீறு பூத்தால் நீறு. இங்கே பூப்பது பனி. ஆகவே ‘பனிபூத்தல்’. தமிழில் பனி என்பது இலை மேல் விடியலில் நிற்கும் துளியும் ஆகும், மலையை மூடும் புகையும் ஆகும். இந்த இரண்டு பொருளும் இந்தக் குறைக்குப் பொருந்துகின்றன: காரணம் முதலாவது, தோற்றம் இரண்டாவது. பாடநூலில் பனிபடுநிலை என்று ஏற்கெனவே படித்த பிள்ளைக்கு இந்தச் சொல்லைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

ஒற்று மிகுமா என்று கேட்ட யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு: மிகாது என்பது என் கருத்து. பனி பூத்தது என்ற எழுவாய்த் தொடரிலிருந்து பிறந்த தொழிற்பெயர் இது. பனி படுகின்ற நிலையைப் பனிபடுநிலை என்று ஒற்றில்லாமல்தானே எழுதுகிறோம்? ‘பனிப்பூத்தல்’ என்று எழுதினால் பனிப்பூ என்று ஒரு மலர் இருப்பதாகத் தோன்றும்.

ஒரு கலைச்சொல்லை நான் எப்போதும் வினையாக்கிப் பார்ப்பேன். வேலை செய்பவர்கள் பெயர்ச்சொல்லைவிட வினையைத்தான் அதிகம் பாவிக்கிறார்கள். ‘பூச்சு பனிபூத்துவிட்டது.’ ‘காலையில் அடிக்காதே, பனிபூக்கும்.’ ‘பனிபூத்த பலகையை உடனே தேய்க்க வேண்டாம்.’ எங்கும் தட்டவில்லை. ‘வெண்மையாதல் குறைபாடு’ போன்ற சொற்கள் இந்தச் சோதனையில்தான் விழுந்துவிடுகின்றன.

‘பிளஷிங்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடன்சொல்லை நான் வெறுப்பவன் அல்லன். இந்த மடலிலேயே ஸ்ப்ரே, டின், தின்னர் என்றுதான் எழுதுகிறேன். தோட்டத்தில் வளர்ந்தவன், ‘பிரட்டு’ என்ற சொல் எனக்குத் தாய்மொழியே. பரேட் என்ற சொல் பிரட்டு ஆனது, விடியலில் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தவர்கள் அந்தப் பொருளை ஒவ்வொரு நாளும் உடம்பால் அறிந்திருந்ததால். ஸ்ப்ரே டின்னும் கையில் பிடிக்கும் பொருள், பெயர் எதுவானாலும் பொருள் மாறிப்போகாது. ஒரு குறையின் பெயர் அப்படியல்ல. குறையைக் காண்பவருக்கு அது ஏன் வந்தது என்று தெரியாது. அங்கே சொல்தான் முதல் ஆசிரியர். பாஸ் அன்று ‘பனி பூத்துவிட்டது’ என்று சொல்லியிருந்தால் நான் இரண்டாவது டின்னை வாங்கியிருக்கமாட்டேன், வெயிலுக்குக் காத்திருந்திருப்பேன்.

சொல்லோடு பரிகாரமும் பதிவாகட்டும். பிறகு நான் செய்தது இதுதான்: மழை விட்ட ஒரு நாளில் பத்து மணிக்கு மேல் பலகையை வெயிலில் வைத்துச் சூடேற்றி, டின்னை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நிறுத்தி, முன்னிலும் மெல்லிய படைகளாக, இடைவெளி விட்டு அடித்தேன். கொதிநீர் கூடாது, 50 பாகைக்கு மேல் சூடேற்றக் கூடாது என்பது டின்னிலேயே அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை. சூடான இடம் வேண்டும் என்றதும் அடுப்படியை நினைத்துவிடாதீர்கள். டின்னிலிருந்து பூச்சை உந்தும் வாயு பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும்தான், சமையல் எரிவாயுவில் இருப்பவையே. லயத்து அறைகளில் அடுப்புக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு சுவர்தான் இருக்கிறது. திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியோடு அடிக்க வேண்டும். மருந்துத் தொட்டி சுமந்து தேயிலைக்கு மருந்து அடித்தவர்களுக்குக் காற்றின் திசையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஏற்கெனவே பனிபூத்த பலகை கெட்டுப்போனதென்று கொள்ள வேண்டாம். உலர்ந்த, சூடான நேரத்தில் மெதுவாக ஆவியாகும் தின்னரை மிக மெல்லிய தூவலாக அதன் மேல் அடித்தால் படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, பல நேரம் கறுப்பு திரும்பிவிடும். திரும்பாவிட்டால் 800 எண் தாளால் தேய்த்து மறுபடியும் அடிக்கலாம். என் நான்கு பலகைகளில் மூன்று தின்னரிலேயே திரும்பின.

நம் பட்டியலுக்கு இந்தப் பதிவை முன்மொழிகிறேன்:

பனிபூத்தல் (வினை: பனிபூ, பனிபூத்தது, பனிபூக்கும்) – ஈரக்காற்றில் அடித்த பூச்சு உலரும்போது, அதன் பரப்பு பனிபடுநிலைக்குக் கீழே குளிர்வதால் நீர் நுண்துளிகளாகப் படிந்து பூச்சு மங்குதல், அவ்வாறு மங்கிய குறை.

மறுப்புள்ளவர்கள் இந்த மாதம் 30ஆம் திகதிக்குள் எழுதுங்கள். பூச்சின் மேடுபள்ளத்துக்குத் ‘தோடந்தோல்’ என்பதா ‘ஆரஞ்சுத்தோல்’ என்பதா என்ற வாக்கெடுப்பு இன்னும் முடியவில்லை. எங்கள் வாயில் அது தோடம்பழம்தான், ஆனாலும் பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். பனிபூப்பதைத் தடுக்கக் கலக்கும், மெதுவாக ஆவியாகும் அந்தத் தின்னருக்கு இன்னும் பெயரில்லை. ‘தாமதத் தின்னர்’ என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே நிறைவில்லை. யாழ்ப்பாணத்து ஐயா அதைப் பற்றி ஒரு மடல் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அன்புடன்,
தலவாக்கலையிலிருந்து