ஆதரவாளர்களே சேர்ந்து கிளப்பின் 51 சதவீதத்தை வாங்க முடியுமா?

லயத்து_லெப்ட்விங்:

சனிக்கிழமை இரவு எட்டரைக்கு மெட்ச். எங்கள் லயத்தில் டிஷ் இருக்கிற வீட்டுக்குள் பத்துப் பேர், வாசற்படியில் ஐந்தாறு பேர், வெளியே அட்டன் மழை. மென்செஸ்டர் யுனைட்டட் தோற்றுவிட்டது, அதை விடுங்கள். மெட்ச் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்த என் மாமா மகன் ஒரு கதையைக் கிளப்பினான். உலகம் முழுக்க இவ்வளவு பேர் இருக்கிறோமே, ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் அந்தக் கிளேசர் குடும்பத்திடம் இருந்து கிளப்பையே வாங்கிவிடலாமே, அப்புறம் நாம் சொல்கிற ஆள்தானே கோச், என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ராத்திரி முழுக்க அதே யோசனை.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆதரவாளர்கள் ஒரு கிளப்பின் பெரும்பங்கை உண்மையிலேயே கையில் எடுத்த இடம் எங்காவது இருக்கிறதா? ஜெர்மனியில் அப்படித்தான் என்கிறார்களே, அது எப்படி நடந்தது? எடுத்த பிறகு என்ன ஆனது? அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும், எங்கள் தோட்டத்து டீம் பற்றி. அதைப் பிறகு எழுதுகிறேன், முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:

தம்பி, மாமா மகன் கணக்கில் எத்தனை மார்க் எடுத்தான் என்று கேட்டுப் பாருங்கள்.

2023 டிசம்பரில் ஜிம் ரட்க்ளிஃப் யுனைட்டட்டின் 25 சதவீதத்தை வாங்குவதாக அறிவித்தபோது பேசப்பட்ட விலை ஏறத்தாழ 125 கோடி ஸ்டெர்லிங் பவுண். அதே விலைக்கு 51 சதவீதம் என்றால் 255 கோடி பவுண். பவுண் ஒன்றை 400 ரூபாய் என்று பிடியுங்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் நூறு கோடிப் பேருக்கு மேல் வேண்டும். சரி, பத்து லட்சம் பேர்தான் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். 2024இல் வந்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் 750 பேர், அதாவது 750 நாள் வேலை, போட வேண்டும், அதுவும் இடையில் ஒரு நாள்கூடச் சோறு தின்னாமல்.

காசு சேர்ந்தாலும் வேலை முடியாது. 2012இல் நியூயோர்க் பங்குச் சந்தைக்குப் போனபோதே பங்கை இரண்டு வகையாகப் பிரித்துவிட்டார்கள். பொதுமக்கள் வாங்கும் பங்குக்கு ஒரு ஓட்டு, குடும்பம் வைத்திருக்கும் பங்குக்குப் பத்து ஓட்டு. சந்தையில் கிடைக்கிறதை எல்லாம் நாம் வாரிக்கொண்டு வந்தாலும் கூட்டத்தில் கையைத் தூக்கும்போது தெரியும் நம் பலம்.

அதற்கு முன்பு ஆதரவாளர்களிடம் பங்கே இல்லாமல் இருந்ததா? இருந்தது. 2005க்கு முன் சாதாரண ரசிகர்கள் நிறையப் பேர் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருந்தார்கள், கிளேசருக்கு விற்கவே மாட்டோம் என்று நின்றார்கள். ஒருவர் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் மிச்சம் உள்ளவர்களின் பங்கைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ள அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படித்தான் அவர்கள் கையில் இருந்ததும் போனது. அதில் வெறுத்துப்போனவர்கள் அதே ஆண்டில் எஃப்.சி. யுனைட்டட் ஒஃப் மென்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப்பே தொடங்கினார்கள், எவ்வளவு காசு போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. சின்ன லீக்தான். ஆனால் 2015இல் சொந்தக் கிறவுண்டுக்கே போய்விட்டார்கள்.

நோர்வூட்_தம்பி:

கணக்கப்பிள்ளை அண்ணே, அந்த 750 பேரில் அரைப் பேரும் சேர்த்தியா?

முன்னாள்_கோல்கீப்பர்:

ஜெர்மனிக் கதையை நான் சொல்கிறேன். அங்கே ஆதரவாளர்கள் எதையும் வாங்கவில்லை, எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறாக நினைக்கிறார்கள். அங்கே கிளப் என்றால் தொடக்கத்தில் இருந்தே அங்கத்தவர்களின் சங்கம், நம் ஊர் சனசமூக நிலையம் மாதிரி. 1998இல்தான் உதைபந்தாட்டப் பிரிவைக் கம்பனியாக மாற்றலாம் என்று விட்டார்கள், விடும்போதே ஒரு பூட்டும் போட்டார்கள்: ஓட்டில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் சங்கத்திடமே இருக்க வேண்டும். அதைத்தான் 50+1 என்கிறார்கள். பயர்ன் மியூனிக்கில் அடிடாஸ், அவுடி, அலியான்ஸ் மூன்றும் சேர்ந்து 25 சதவீதம் வைத்திருக்கின்றன, மிச்சம் 75 சங்கத்துடையது. வீட்டை விற்காமல் வைத்திருந்தவனுக்கும் விற்றுவிட்டு இருபது வருடம் கழித்துத் திரும்ப வாங்க அலைபவனுக்கும் உள்ள வித்தியாசம் இது. அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. லெவர்குசனும் வொல்ப்ஸ்பேர்க்கும் தொழிற்சாலை டீம்களாகப் பிறந்தவை, அவற்றுக்கு விலக்கு. லைப்சிக்கில் ஓட்டுள்ள அங்கத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஆட்கள் விழிப்பாக இருக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் லீக்கின் வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குக் கொடுக்கப் பார்த்தபோது மெட்ச் நடுவில் டென்னிஸ் பந்துகளை அள்ளி வீசினார்கள், வாரக்கணக்கில் வீசினார்கள், கடைசியில் லீக்காரர்கள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

சரி, விற்றுப்போன கிளப்பைத் திரும்ப எடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் முக்கால்வாசி இடங்களில் ஒரே கதைதான்: கிளப் சாகக் கிடக்கும்போதுதான் ஆதரவாளர் கைக்கு வரும். நன்றாக ஓடுகிற பஸ்ஸை எந்த முதலாளி விற்பான்? ஸ்கொட்லாந்தில் ஹார்ட்ஸ் 2013இல் கடனில் மூழ்கி திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. ஆன் பட்ஜ் என்ற அம்மா தன் காசைப் போட்டுத் தூக்கி நிறுத்தினார். ஆதரவாளர்கள் மாதாமாதம் சந்தா கட்டி, அவர் போட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து, 2021 ஆகஸ்டில் 75 சதவீதத்தைத் தங்கள் பெயருக்கு எழுதிக்கொண்டார்கள். ஏழெட்டு வருடச் சந்தா! வாங்கி முடிந்த பிறகும் நிறுத்தவில்லை, இன்றைக்கும் கட்டுகிறார்கள். 2025இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் முதலாளி டோனி புளூம் 29 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடி பவுண் கொடுத்து உள்ளே வந்தார், ஆனால் ஓட்டில்லாத பங்குதான் கொடுத்தார்கள். காசு வரட்டும், சாவி எங்களிடம்.

நம் ஆட்களுக்கு இது புரியாத விஷயமா? சம்பளத்தில் சந்தா பிடித்தே தொழிற்சங்கம் நடத்திய ஆட்கள் நாம். சந்தா கட்டுகிறவன் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் நம்முடைய வியாதி.

ஊவாக்காரி:

அண்ணா சொன்னதில் ஒரு பாதிதான் இருக்கிறது. எடுத்தவர்கள் திரும்ப விற்ற கதையையும் சொல்ல வேண்டாமா?

போர்ட்ஸ்மவுத்தில் 2013இல் ஆளுக்கு ஆயிரம் பவுண் போட்டு ஆதரவாளர்கள் கிளப்பைக் காப்பாற்றினார்கள். நாலே வருடம். 2017இல் டிஸ்னியின் பழைய தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு அவர்களே ஓட்டுப் போட்டு விற்றார்கள். ரெக்ஸம் 2011இல் ஆதரவாளர் கைக்கு வந்து பத்து வருடம் ஐந்தாவது தட்டிலேயே கிடந்தது. 2021இல் இரண்டு நடிகர்களுக்குக் கொடுத்தார்கள், 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று தரம் மேலே ஏறியது. அந்த ஊர்க்காரனிடம் போய் நீ ஏன் விற்றாய் என்று கேட்டால் சிரிப்பான். வாங்குவது ஒரு நாள் வேலை. வருடா வருடம் வருகிற நட்டத்தை யார் கட்டுவது? முதலாளி என்றால் தன் சட்டைப்பையில் இருந்து கட்டுவார், அல்லது கிளப்பின் தலையிலேயே கடனாகக் கட்டுவார். நாம் யார் தலையில் கட்டுவது?

இதை எல்லாம் மிஞ்சியது எப்ஸ்ஃப்ளீட். 2008இல் இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கு 35 பவுண் கட்டி அந்தக் கிளப்பின் 75 சதவீதத்தை வாங்கினார்கள், மாமா மகன் சொன்ன மாதிரியே. யாரை இறக்குவது என்பதுகூட ஓட்டில் என்று பேச்சு. அதே வருடம் வெம்ப்லியில் கோப்பையும் அடித்தார்கள். அடுத்த வருடச் சந்தா கேட்டபோது பெரும்பாலானவர்களைக் காணவில்லை. 2013இல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏன்? அவர்களில் அநேகம் பேர் அந்த ஊரைக் கண்ணால் கண்டதே இல்லை. மழையில் நின்று மெட்ச் பார்த்தவன் ஹார்ட்ஸுக்கு இன்றும் கட்டுகிறான், பொத்தானை அமுக்கிச் சேர்ந்தவன் போய்விட்டான். யுனைட்டட்டை நாம் வாங்கினாலும் இரண்டாவது கூட்டம்தான் நாம், கோபிக்க வேண்டாம்.

இன்னொன்று. ஆதரவாளர் கையில் இருந்தால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நினைக்காதீர்கள். பார்சிலோனாவும் ரியல் மெட்ரிட்டும் அங்கத்தவர் சொத்து. 2021இல் பெரிய கிளப்புகள் சில தங்களுக்குள் தனியாக நடத்தப் பார்த்த அந்த சூப்பர் லீக்கைக் கொண்டுவர முன்னால் நின்றவர்கள் யார்?

லயத்து_லெப்ட்விங்:

நன்றி, மாமா மகனுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன், நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை.

இப்போது எங்கள் கதை. எங்கள் தோட்டத்து டிவிஷன் டீமுக்கு டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி நாலு வருடமாக ஜேர்சி, பந்து, வேன் கூலி எல்லாம் தருகிறார். நல்ல மனிதர்தான். ஆனால் டீம் பெயர் இப்போது அவர் கடைப் பெயர். போன மாதம் கெப்டனை மாற்றச் சொல்லிவிட்டார், காரணம் சொல்லவில்லை. எங்களில் சிலர் நாமே சந்தா போட்டு நடத்துவோம் என்கிறோம். இருபத்திரண்டு விளையாட்டுக்காரர்கள், பார்க்க வருகிறவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள். நடக்குமா?

முன்னாள்_கோல்கீப்பர்:

தம்பி, நீ எழுதியதைப் படித்து எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபது வருடத்துக்கு முன்பு எங்கள் தோட்டத்தில் இதே கதை. பெயர் வேண்டாம், ஆள் இப்போதும் இருக்கிறார். ஒரு டூர்னமெண்ட் அரையிறுதியில் தோற்றோம், அடுத்த வாரம் நெட், பந்து, ஜேர்சி எல்லாம் திரும்பிப் போய்விட்டன. நாங்கள் அடித்த கோப்பை இரண்டு இன்றைக்கும் அவர் கடைக் கண்ணாடி அலுமாரியில் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சீனி வாங்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன்.

பிறகு நாங்கள் மாதம் ஐம்பது ரூபாய் சந்தா என்று தொடங்கினோம். முதல் மாதம் நாற்பது பேர். மூன்றாம் மாதம் பதினொரு பேர், அதாவது விளையாடுகிறவர்கள் மட்டும். அப்போதுதான் யோசித்தேன், அதே தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் ஒரு மாதம்கூட நின்றதில்லையே, அது ஏன்? ஒரு நாள் தன் வீட்டுக்கும் அது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு கணக்கை ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். நாங்கள் கணக்கு வாசிக்கவில்லை. யாரும் திருடவில்லை, வாசிக்கவில்லை, அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது. நீங்கள் தொடங்கினால் முதல் வேலை அது. காசு ஒருவரிடம், நோட்டு வேறு ஒருவரிடம்.

அப்புறம் முதலாளியைத் துரத்த வேண்டாம். ஹார்ட்ஸ்காரர்கள் செய்த மாதிரி செய்யுங்கள். ஜேர்சியில் கடைப் பெயர் இருக்கட்டும், டீம் பெயரும் கெப்டனும் உங்களுடையது. அதைப் போய் மரியாதையாக, வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பேசுங்கள்.

ஊவாக்காரி:

கிறவுண்டை மறந்துவிட்டீர்கள். டீம் யாருடையது என்று சண்டை போடுவதற்கு முன் நிற்கிற மண் யாருடையது என்று பாருங்கள். லண்டனில் விம்பிள்டன் உதைபந்தாட்டக் கிளப்புக்குச் சொந்தக் கிறவுண்ட் கையில் இல்லாமல் போனதுதான் முதல் அடி, 2002இல் கிளப்பையே வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆதரவாளர்கள் பொது வெளியில் ஆள் தேர்வு வைத்து ஒன்பதாவது தட்டில் புதுக் கிளப் தொடங்கி, ஒன்பது வருடத்தில் நாலாவது தட்டுக்கு வந்து, 2020இல்தான் பழைய தெருவுக்கே திரும்பினார்கள். நம் பக்கம் தோட்டத்து நிலம் அரசுடையது, 1992க்குப் பிறகு கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. நாளைக்கு துரை மாறி, அந்த இடத்தில் கன்று நடப் போகிறேன் என்றால் உங்கள் 51 சதவீதம் எங்கே ஓடும்? பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைப் பார்த்துக் கழகத்தைப் பதியுங்கள், பிறகு கிறவுண்ட் பாவனைக்குத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

நோர்வூட்_தம்பி:

கெப்டனை மாற்றச் சொன்னாரே, யாரைப் போடச் சொன்னார்?

லயத்து_லெப்ட்விங்:

அவர் மருமகனை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். நோட்டு வாங்கியாகிவிட்டது. நோட்டை என் தங்கச்சியிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், காசு பெட்டிசன் எழுதும் அண்ணனிடம். முதலாளி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வயதான ஆள் ஒருவர் வேண்டும். முன்னாள் கோல்கீப்பர் அண்ணே, நீங்கள் எந்தத் தோட்டம்?