அவசரம்: நாளைக்கு அம்மாவோடு ஆவடி போகணும், எங்கே மாறுவது?

சிவா_88: நாளைக்குக் காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னை லோக்கல் ட்ரெயினில் ஆவடி போகணும். மாமா பேரனுக்குக் காதுகுத்து, பத்தரைக்குள் போய்ச் சேரணும். எங்கே இறங்கி மாறுவது? வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்க.

கொரட்டூர்க்காரன்: எங்கிருந்து கிளம்புறீங்க? வேளச்சேரியா, தாம்பரமா, எண்ணூரா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

ஜன்னலோரம்: தாம்பரம் பக்கம் என்றால் கடைசி வரை, அதாவது கடற்கரை வரை போய்விடுங்க. அங்கிருந்து ராயபுரம் வழியாக ஆவடிக்கு வண்டி உண்டு. ரோட்டுக்கே வர வேண்டாம். நான் எப்போதும் அப்படித்தான்.

கொரட்டூர்க்காரன்: அந்த வண்டிகள் குறைவு. நாளைக்கு ஞாயிறு வேறு. ஒன்றை விட்டால் காதுகுத்து முடிந்துதான் போய்ச் சேருவார்.

ரயில்_ராமன்: இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். செங்கல்பட்டு வண்டி எழும்பூர், பார்க், கோட்டை, கடற்கரை என்று போகும். ஆவடி வண்டி சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும். பார்க் ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்கம் போகணும், அவ்வளவுதான். போர்டைப் பார்த்து ஏறுங்கள்: அரக்கோணம், திருவள்ளூர், திருத்தணி எதுவும் சரி. கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டை வண்டியில் ஏறினால் பேசின் பிரிட்ஜ் தாண்டி வேறு பக்கம் பிரிந்துவிடும்.

மலர்விழி: கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடித்தால் சென்ட்ரல் வரை ஏசியில் போகலாமே.

ரயில்_ராமன்: ஒரு மாற்றம் போதும் என்கிற இடத்தில் இரண்டு எதற்கு?

சிவா_88: ஊரப்பாக்கத்திலிருந்து. சொல்ல விட்டுப்போச்சு, அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறினால் அன்று முழுக்க எழுந்திருக்க முடியாது.

மலர்விழி: இதை முதலிலேயே சொல்லியிருக்கணும் தம்பி! அதற்குத்தான் மெட்ரோ சொன்னேன், லிஃப்ட் இருக்கும்.

கொரட்டூர்க்காரன்: அப்படியென்றால் பார்க் வேண்டாம். எழும்பூரில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் வெளியே வந்து ஆட்டோ பிடியுங்க. நேரே மூர் மார்க்கெட் வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்க. இன்னொன்று: வண்டி அரை நிமிடம்தான் நிற்கும். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி உண்டு. நீங்கள் முதலில் ஏறி நடுக்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை அம்மாவுக்குக் கொடுங்க. பின்னால் நின்று தள்ளாதீங்க. என் அப்பா அப்படித்தான் தடுமாறினார்.

ஜன்னலோரம்: பார்க்கில் படி ஏறாமல் பறக்கும் ரயிலுக்கே (மேம்பாலத்தில் ஓடுதே, அது) போகலாமே, ரெண்டும் ஒரே ஸ்டேஷன்தானே?

ரயில்_ராமன்: ஒரே ஸ்டேஷன் இல்லை. பார்க் வேறு, பார்க் டவுன் வேறு. கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார வண்டி 1931-லேயே ஓடியது. பார்க் டவுன் 1995-ல் சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தபோது வந்தது.

ஜன்னலோரம்: 1931-ல் ஓடியது மீட்டர் கேஜ் வண்டி, அதாவது அகலம் குறைந்த தண்டவாளத்தில் ஓடுவது. அதையும் இதையும் ஒன்றாக்காதீங்க.

ரயில்_ராமன்: மீட்டர் கேஜ் என்றால் மின்சார வண்டி இல்லையா? 2004 வரை அதில்தான் நான் ஆபீஸ் போனேன்.

மலர்விழி: அந்தத் தம்பியின் அம்மாவுக்கு முழங்கால் வலி. அதைப் பேசுவோமா?

சிவா_88: போய் வந்துவிட்டோம். எழும்பூர், அப்புறம் ஆட்டோ. 10.40-க்கு ஆவடி. அம்மா மூர் மார்க்கெட்டில் ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் அம்பத்தூர் வரை வாய் ஓயவில்லை. எல்லாருக்கும் நன்றி.

மலர்விழி: திரும்பி வரும்போதும் ஆட்டோவா? என் மாமியாரை அடுத்த வாரம் கூட்டிப் போகணும், அவங்களுக்கும் இதே வலி.